சில்லுக்குள் விட்ட தண்ணீர்

பிள்ளைகள்,

போன கிறிஸ்மஸ் லீவுக்கு மகள் தன் சிநேகிதிகளோடு காரில் ஸ்கொட்லாந்து மலைப்பக்கம் போக வெளிக்கிட்டபோது, "அப்பா, பனிக்கு டயரிலே சங்கிலி போடத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். குட்மேய்ஸ் டயர்க் கடையில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிற மனிதன் சொல்லுகிற பதிலா அது? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். பதினொரு வயதிலேயே பழகினேன். காருக்கு அல்ல, ட்ராக்டருக்கு. அந்தக் கதையை உங்களிடம் வாயால் சொல்லப் பல தரம் தொடங்கி, ஒவ்வொரு தரமும் வேறு கதைக்குப் போய்விட்டேன். எழுதினால் அப்படிப் போக ஏலாது. அதனால் எழுதுகிறேன். சேமக்காலையில் தன்னை ஒரு வெள்ளைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று உங்கள் அப்பப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் அவர் மடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். அது பிழை. அப்பப்பா பொய் சொல்லவில்லை, ஆனால் நடந்தது அதுவல்ல.

நாங்கள் லண்டனுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். என் அக்கா, உங்கள் மாமி, எங்களோடு வரவில்லை. நாங்கள் மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பத்தாம் வகுப்புச் சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. "சோதனையை எழுதிப்போட்டு வரட்டும், அதுமட்டும் சித்தியோடை நிக்கட்டும்" என்று அப்பாதான் முடிவெடுத்தார். மூன்று மாதம் அப்போது அவருக்குச் சின்னதாகத் தெரிந்தது. சோதனை முடிவதற்குள் சண்டை பெருத்துப் பாதை மூடிவிட்டது.

லண்டனில் எங்களுக்குப் பேப்பர் வேலை பார்த்த தமிழ் லோயர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அண்ணை, உங்கட மகளுக்குப் பதினெட்டு வாறதுக்கு முதல் போட்டால் பிள்ளை எண்டு கூப்பிடலாம். பதினெட்டு முடிஞ்சால் அவ பெரிய ஆள், பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது. நிரந்தர வேலை எண்டு ஒரு கடிதம் கொண்டு வாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அக்காவுக்கு வருகிற ஆடியில் பதினெட்டு. அப்பாவிடம் நிரந்தர வேலை இல்லை.

அவர் வேலை செய்தது ஒரு சேமக்காலையில். கல்லறைத் தோட்டத்தை மன்னார்க் கத்தோலிக்கர் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கிழக்கு லண்டனின் ஓரத்தில் ஒரு மேட்டைச் சுற்றி ஏறுகிற பெரிய சேமக்காலை. அதற்குள் அப்பா இலை கூட்டினார், வாடிய பூ அள்ளினார். கிழமைக்குக் கிழமை சொல்லி எடுக்கிற வேலை. ஊரில் அவர் ட்ராக்டர் ஓட்டியவர். மழைக்காலத்தில் இடுப்பளவு சேற்றுக்குள் மெசினை இறக்கி ஏற்றக்கூடியவர் என்று நாலு கிராமம் தள்ளி இருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு லண்டன் இலை கூட்டுகிற ஒரு தும்புத்தடியைக் கொடுத்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. ஆனால் கொட்டகையில் நின்ற சிவப்பு ட்ராக்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்.

அப்பாவுக்கு இங்கிலீஸ் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. டொக்டர், கவுன்சில், வீட்டுக்காரர் எங்கே போனாலும் நான்தான் அவர்களின் வாய். முதல் முதல் நான் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போனபோது அங்கிருந்த பெண், "இவருக்குக் கையெழுத்தாவது வருமா?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அப்பா இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் சோறு காய்ந்தது. அதற்குப் பிறகு நான் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிவிட்டுத்தான் கொடுத்தேன். வீட்டுக்காரர் வந்து, உங்கள் கறி நாற்றத்தில் என் சுவரெல்லாம் கெட்டுப் போகிறது என்று கத்தினால், "ஜன்னலைத் திறந்து சமைக்கட்டாம்" என்று அம்மாவிடம் சொல்லுவேன். அம்மா சிரித்துக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். நான் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

அந்த வருடம் தை மாதத்தில் பனி கொட்டியது. இப்போது விழுகிற பனி மாதிரி அல்ல. ஒரு இரவில் தெருவில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகளாகிவிட்டன. பள்ளிக்கூடம் பூட்டு. அம்மா தையல் பக்டரிக்கு நடந்தே போனார். என்னை அறையில் தனியே விட மனமில்லாமல் அப்பா தன்னோடு கூட்டிப் போனார். ஒரு சோடிக் காலுறைக்கு மேல் இன்னொரு சோடி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் சப்பாத்து.

அங்கே போனபோது கொட்டகைக்குள் ஒரே கரைச்சல். ட்ராக்டர் ஓட்டுகிற வெள்ளைக்காரக் கிழவர் காலையில் படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கையில் கட்டோடு ஒரு கதிரையில் குந்தியிருந்தார். சூப்பர்வைசர் வாசலில் நின்று எல்லோரையும் பார்த்து, யாருக்கு இதை ஓட்டத் தெரியும் என்று கேட்டார்.

அப்பா என் தோளில் கை வைத்தார். "நான் ஓட்டுவன் எண்டு சொல்லு, தம்பி."

சொன்னேன். சூப்பர்வைசர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். மெலிந்த, நீண்ட மனிதர் அவர், முகத்தில் சிரிப்பே வராது. "ஓட்டிக் காட்டச் சொல்" என்றார். அப்பா ஏறி, எஞ்சினை எடுத்து, ட்ரெயிலரோடு சேர்த்துப் பின்பக்கமாகவே கொட்டகைக் கதவால் வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி. கிழவர் உடையாத கையால் தன் தொடையில் தட்டினார்.

சூப்பர்வைசர் அப்போது சொன்னது இது. கிழவர் வருகிற வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். இந்தப் பனி முடியும்வரை உன் அப்பா மேட்டுப் பாதையைத் திறந்து வைத்திருந்தால், அந்த இடத்துக்கு அவர் பெயரையே எழுதுவேன். நிரந்தர இடம்.

இதில் பொறுக்கக் கல் ஒன்றும் இல்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா திரும்பி நின்று மூக்கைத் துடைத்தார். குளிராலே என்று நினைத்தேன்.

முதல் வேலை சங்கிலி. கொட்டகைச் சுவரில் இரண்டு விதமான சங்கிலி தொங்கியது. ஒன்று ஏணி மாதிரி, இரண்டு பக்கமும் நீளச் சங்கிலியும் குறுக்கே தடித்த படிகளும். மற்றது வலை மாதிரி, சின்னச் சின்ன வளையங்களைக் கோணலாகப் பின்னியது. அப்பா இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு ஏணியைத்தான் கழற்றினார். ஊரில் சேற்று வயலுக்கு இறங்கும்போது டயரோடு இரும்புச் சக்கரம், நாங்கள் சில்லு என்போம், பூட்டுவார்கள். அதில் குறுக்கே இரும்புப் பட்டை இருக்கும். அதன் உறவுக்காரன் மாதிரித்தான் அந்த ஏணிச் சங்கிலி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

கிழவர் கதிரையில் இருந்தபடியே தலையை ஆட்டினார். "வலையை எடுக்கச் சொல்லு, பையா. ஏணி லொறிக்கு."

"அவருக்கு என்ன தெரியும், பூப்போட வாறவையைப் பாத்துக்கொண்டு ரோட்டிலை ஓடினவர்" என்றார் அப்பா. இதை நான் கிழவருக்குச் சொல்லவில்லை. அப்பா யோசித்துப் பார்க்கிறாராம் என்று சொன்னேன்.

ஏணியை மாட்டி ஓடிப் பார்த்தோம். பத்து அடி போகவில்லை. ட்ராக்டர் டயரின் முதுகில் வரம்பு கட்டின மாதிரித் தடித்த ரப்பர் மேடுகள் இருக்கும் அல்லவா, சங்கிலியின் படிகள் எல்லாம் அந்த வரம்புகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் போய்ப் படுத்துவிட்டன. சில்லு நின்ற இடத்திலேயே சுற்றிப் பனியைத் தோண்டியது. கிழவர் தேத்தண்ணி குடித்தார். அப்பா இறங்கி வந்து டயரையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவர் சொன்னது சரி. நான் மடையன் எண்டு சொல்லு."

இதையும் கொஞ்சம் மாற்றித்தான் சொன்னேன். ஆனால் கிழவருக்கு முகத்திலேயே விளங்கிவிட்டது. "அவசரம் இல்லை என்று சொல்லு" என்றார். "இங்கே படுத்திருக்கிறவர்கள் ஒருவரும் அவசரப்படுவதில்லை."

"படுத்திருக்கிறவை அவசரப்படாயினம், கொண்டு வாறவைதான் அவசரப்படுவினம் எண்டு சொல்லு."

கிழவர் சிரித்த சிரிப்பில் உடைந்த கை வலித்துக் கெட்ட வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நான் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒருவர் விரலை நீட்டுவார், மற்றவர் தலையாட்டுவார்.

வலையைப் போடுவது இப்படி. சங்கிலியை முறுக்கு இல்லாமல் நிலத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். கொக்கிகளின் வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே பார்த்தால் ரப்பரைக் கடித்துவிடும். பிறகு டயரின் மேல் போர்வை போர்த்துகிற மாதிரிப் போட்டு, கொஞ்சம் உருட்டி, முதலில் உட்பக்கக் கொக்கியை மாட்ட வேண்டும். அந்த இடத்துக்குள் அப்பாவின் கை போகாது. என் கைதான் போகும். இரும்பு அவ்வளவு குளிர், தொட்ட விரல் அதோடு ஒட்டிக்கொண்டது. எடுக்கும்போது தோல் கொஞ்சம் அங்கேயே நின்றது. அப்பா என் விரல்களைத் தன் வாய்க்குள் விட்டுச் சூடாக்கினார். பிறகு வெளிப்பக்கக் கொக்கி. பிறகு இறுக்குகிற தடி. அதோடு முடியாது. பத்து யார் தூரம் ஓடி நிறுத்தி, மறுபடி இறங்கி இறுக்க வேண்டும்.

"ஓடிப் பாத்தாத்தான் எவ்வளவு தளர்ந்து கிடக்குது எண்டு தெரியும்" என்பார் அப்பா.

இரண்டு நாள் அந்த ட்ராக்டர் மேட்டுப் பாதையில் ஏறி இறங்கியது. சில்லின் சத்தம், கனமான கொலுசு போட்ட ஆள் நடக்கிற மாதிரி. அப்பா சீட்டில் நிமிர்ந்து இருந்தார். லண்டனுக்கு வந்த பிறகு நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலே வளைவு ஒன்றில் ட்ராக்டரின் பின்பக்கம் வழுக்கியது. ட்ரெயிலரில் மண் இருந்தபடியால் அது பின்னுக்கு இழுத்தது. அப்பா எப்படியோ பிடித்துக்கொண்டார். இறங்கி வந்து சில்லைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"பாரம் காணாது. தண்ணி விடோணும்."

ஊரில் ட்ராக்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலை அது. சேற்றில் சில்லு சுற்றாமல் நிலத்தைப் பிடிப்பதற்காகப் பின் டயர்களுக்குள் முக்கால் பங்கு தண்ணீரை விட்டு மிச்சத்துக்குக் காற்று அடிப்பார்கள். கிழவர் இருந்திருந்தால் அவரிடம் விரலை நீட்டிக் கேட்டிருப்பார். கிழவர் அன்று மணிக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஆகையால் என்னைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசரின் கந்தோருக்குப் போனார். சப்பாத்தெல்லாம் சேறு என்று தான் வாசலில் நின்றுகொண்டு என்னை உள்ளே அனுப்பினார்.

"சில்லுக்குத் தண்ணி விடப்போறன், விடலாமோ எண்டு கேள்."

சூப்பர்வைசர் டெலிபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் டெலிபோனைக் கையால் பொத்தினார். அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன்.

"தண்ணீரா? நல்லது, விடட்டும். ஆனால் வெறும் தண்ணீர் உறைந்துபோகும். பின்னால் நீலப் பீப்பாயில் உப்பு மாதிரி ஒரு தூள் இருக்கிறது, அதைக் கரைத்து விடச் சொல். விளங்கியதா? என் டயரை உடைத்தால் அவர் மறுபடி தும்புத்தடிக்குத்தான் போவார். திங்கள் பதினொரு மணிக்கு மேட்டுக்கு ஒரு சவப்பெட்டி வருகிறது." பிறகு டெலிபோனைக் காதுக்கு எடுத்துக்கொண்டே, எனக்கு அல்ல, தனக்குத்தானே, "இந்த ஆட்களுக்கு எதையும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றார்.

நான் வெளியே வந்தேன். அப்பா ஹோஸ் பைப்பைத் தோளில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

"என்னவாம்?"

"ஓமாம். விடட்டாம்."

"ஓம் எண்டு சொல்ல உவ்வளவு நேரமோ?"

"திங்கள் பதினொரு மணிக்கு ஒரு பெட்டி வருதாம். அதையும் சொன்னவர்."

எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். தூளை நான் மறந்தேனா, மறைத்தேனா? இரண்டும் இல்லை. தும்புத்தடி, இந்த ஆட்கள், மூன்று தரம் என்ற கற்களைப் பொறுக்கி எறியும்போது அந்த ஒரு அரிசியையும் சேர்த்து எறிந்துவிட்டேன். அப்பாவின் முகம் அப்படியே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தடித்த டயருக்குள் குளிர் போகாது என்றும் நினைத்தேன்.

ஜாக்கி வைத்து ட்ராக்டரைத் தூக்கி, வால்வை மேலே கொண்டுவந்து, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் விட்டோம். இருட்டுகிறபோது முடிந்தது. அப்பா ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தார். வளைவில் ஒரு அங்குலம்கூட வழுக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்கக் குளிர். ஞாயிறு காலை பூசைக்குப் போகக் கதவைத் திறந்தபோது, படியில் வைத்திருந்த பால் போத்தல்கள் உறைந்து நின்றன. உள்ளே இருந்த பால் கட்டியாகி, போத்தலின் வெள்ளித்தாள் மூடியை ஒரு விரல் உயரத்துக்கு மேலே தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. டயருக்குள் நிற்கிற தண்ணீருக்கும் இதுதான் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள், வெள்ளிக்கிழமையை விட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னை இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன்.

பூசை முடிந்து வந்ததும் அம்மா அக்காவுக்கு நீலக் கடிதத் தாளில் கடிதம் எழுதக் குந்தினார். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல எழுதினார்.

"வேலை சரிவந்திட்டுது எண்டு எழுதும்."

"இன்னும் பேப்பர் கையிலை வரேல்லையே. வந்தாப் பிறகு எழுதுவம்."

"நீர் எழுதும். பிள்ளை கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும். ஆடிக்கு முதல் இஞ்சை நிப்பாய் எண்டும் எழுதும்."

அம்மா எழுதினார். அந்த அறையில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்கு நடுவில் நான் எப்படிச் சொல்லுவது? நாளைக்குச் சொல்லலாம், விடிய வேளைக்குப் போய்ச் சொன்னால் தண்ணீரை வெளியே எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தின் ஓரத்துப் பசையை நக்கி ஒட்டியது நான். தபால் பெட்டிக்குள் போட்டதும் நான்தான்.

திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் பூட்டு. பஸ்ஸில் போகும்போது சொல்ல வாய் எடுத்தேன். அப்பா நித்திரையாகியிருந்தார். கொட்டகையில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் ஏறி எஞ்சினை எடுத்துவிட்டார். இவையெல்லாம் சாட்டு. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல எத்தனை நேரம் வேண்டும்?

ட்ராக்டர் நொண்டியது. டயருக்குள் தண்ணீர் அடியில் கல்லாகிக் கிடந்தது. சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் தொம், தொம் என்று நிலத்தை இடித்தது. பிரேக் பிடித்துவிட்டது என்று நினைத்து அப்பா மெல்ல மெல்ல ஓட்டினார். வளைவுக்குக் கொஞ்சம் கீழே, உள்ளே இருந்த ஐஸ் கட்டி டியூப்பையும் இழுத்துக்கொண்டு புரண்டிருக்க வேண்டும், வால்வு வேரோடு பிடுங்கப்பட்டது. கூழ் மாதிரி ஐஸ்தண்ணீர் பீறிட்டது. டயர் சப்பையாகி விளிம்பை விட்டுக் கழன்றது. சங்கிலி தளர்ந்து மட்கார்டில் அடித்துச் சுற்றிக்கொண்டது. ட்ராக்டர் பக்கவாட்டில் சறுக்கி, ட்ரெயிலரோடு பாதைக்குக் குறுக்கே போய் நின்றது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கிச் சில்லுக்கு அருகே குந்தி, கையால் ஒரு ஐஸ் துண்டை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பதினொரு மணிக்குக் கறுப்புக் கார் கீழே வந்து நின்றது. ஏற வழியில்லை. ஆறு பேர் பெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி, கல்லறைகளுக்கு நடுவே முழங்காலளவு பனியில் நடந்தார்கள். நடுவில் ஒரு வயதானவருக்குக் கால் புதைந்து முழங்காலில் விழுந்தார். பெட்டியை மட்டும் விடவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு ஓடிப்போய் அந்த இடத்தில் தோளைக் கொடுத்தார். ஒருவரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே வரை கொண்டுபோனார்.

பிறகு கொட்டகையில் சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என்னைத்தான் பார்த்துக் கேட்டார். "வெள்ளிக்கிழமை நான் சொன்னேனா இல்லையா? நீலப் பீப்பாய்."

நான் தலையாட்டினேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"டயர் பழுதாப் போச்சாம்."

அப்பா ஒரு அடி முன்னுக்கு வந்தார். "கேள் அவரை. உங்களைக் கேட்டுத்தானே தண்ணி விட்டனான். என்ரை ஊரிலை தண்ணி உறையிறதில்லை, எனக்குத் தெரியாது. இஞ்சை உறையும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை எண்டு கேள்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை இங்கிலீசில் சொன்னால் அடுத்த நிமிடம் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் சொன்னது இது. "அப்பா மன்னிப்புக் கேட்கிறார். இனி இப்படிச் செய்ய மாட்டாராம்."

சூப்பர்வைசர், "தெரியாமல் செய்திருந்தால் அது வேறு" என்றார். "புது ஆள், குளிர் தெரியாது என்று நானே மேலிடத்தில் சொல்லியிருப்பேன். சொல்லியும் கேட்காத மனிதனிடம் நான் ஒரு மெசினைக் கொடுக்க முடியாது. கொஞ்சம் சரிந்திருந்தால் உன் அப்பாவும் அந்தப் பக்கத்துக் குழிக்குள்தான்."

"என்னவாம்?"

"தும்புத்தடிக்குப் போகட்டாம்."

அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் சொல்லுக்குப் பிறகு முதல் தரமாக ஒரு கல்லைப் பொறுக்காமல் கொடுத்தேன்.

கிழவர் ஒரு கிழமை கழித்து வந்து, அப்பாவைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் நீலப் பீப்பாயைத் திறந்து காட்டினார். தண்ணீரில் கரைக்கிற மாதிரிக் கையால் கலக்கிக் காட்டினார். அப்பா அந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். வரும் வழியில் பஸ்ஸில் என்னிடம், "கண்டியோ, தூள் இருந்திருக்குது. சூப்பர்வைசர் தெரிஞ்சுகொண்டே சொல்லாமல் விட்டவன். கறுத்தவனுக்கு மெசின் போகக்கூடாது எண்டு நினைச்சவன்" என்றார். அதுதான் அந்தக் கதையின் முதல் நாள். அதற்குப் பிறகு முப்பது வருடம் அவர் அதைச் சொன்னார். சுகமில்லாத காலத்தில் நேர்ஸ்மார் தருகிற மருந்தைக்கூடச் சந்தேகத்தோடு வாங்கினார்.

மாசியில் சூப்பர்வைசர் என் கால் அளவுக்கு ஒரு சோடிப் பூட்ஸ் கொண்டுவந்து கொட்டகைப் படியில் வைத்தார். உள்ளே ஆட்டு ரோமம். நான் பிளாஸ்டிக் பையோடு வருவதை அவர் பார்த்திருக்கிறார். அப்பா அதைத் தொட விடவில்லை. "செய்ததுக்கு லஞ்சம்" என்றார். அது இரண்டு கிழமை படியிலேயே நனைந்து கிடந்தது.

வசந்தத்தில் ட்ராக்டருக்கு வேறு ஒருவர் வந்தார். லோயர் வேறு வழிகள் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. சித்திரையில் அக்காவின் பதில் வந்தது. லண்டனுக்குக் குளிர்ச் சட்டை அங்கே தைத்துக்கொண்டு வரவேண்டுமா, இங்கே வாங்கலாமா என்று கேட்டிருந்தாள். அதற்கு அம்மா பதில் எழுதவில்லை. ஆடி வந்தது, போனது. மாமி பிறகு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் எத்தனை வருடம் இருந்தார், திரும்பி வந்து எவ்வளவு பிந்திக் கலியாணம் செய்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். விசா கிடைக்கவில்லை, சண்டை என்று நாங்கள் உங்களுக்குச் சொன்னோம். அதுவும் உண்மைதான்.

மகள், உன் வேலையிடத்தில் தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்க்க உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாய். முழுவதையும் சொல்லு. ஏச்சு இருந்தால் ஏச்சையும் சேர்த்துச் சொல்லு. அவர்கள் அழுதால் அழட்டும். நீ தீர்மானிக்காதே.

அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. அவர் போய்விட்டார். அம்மாவும் போய்விட்டார். அந்தச் சூப்பர்வைசரின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இல்லாத நேரம் பார்த்து, மன்னாருக்கு வீடியோவில் போன் எடுத்தேன். அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தாள், அவள் முகம் பாதிதான் தெரிந்தது. முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். சங்கிலி, தண்ணீர், நீலப் பீப்பாய், பால் போத்தல், ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். அவள் கை உரிப்பதை எங்கே நிறுத்தியது என்று நான் கவனிக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அம்மாவுக்கு?"

"இல்லை."

அவள் வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அந்தக் கடிதத்தை நான் பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினனான். இனி எனக்கு என்னத்துக்கு எண்டு கொப்பி, புத்தகம் எல்லாத்தையும் சிநேகிதிமாருக்குப் பிரிச்சுக் குடுத்திட்டன். பிறகு போய்த் திருப்பித் தாங்கோ எண்டு கேக்க வெக்கமா இருந்தது. அதோடைதான் பள்ளிக்கூடத்தையும் விட்டனான்."

இது எனக்கு இதுவரை தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"அக்கா, எனக்கு அப்ப பதினொரு வயசு" என்றேன்.

அக்கா நிமிர்ந்து போனுக்குள் பார்த்தாள். இப்போது முழு முகமும் தெரிந்தது.

"எனக்குப் பதினேழு" என்றாள்.